பெட்டைக்கு எந்த ஆண் குதிரை? கொட்டகை வாசலில் கேட்கும் கேள்விகள்

எங்கள் தாத்தா தங்கசாலையில் ஜட்கா ஓட்டினார். அப்பா கல்யாண ஊர்வலத்துக்கு சாரட்டு விட்டார். நான் வட சென்னை புளியந்தோப்பில் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று குதிரை வைத்திருக்கிறேன்: இரண்டு பெட்டை, ஒன்று காயடித்தது. கொள்ளு வாங்கப் போனாலும் லாடக்காரருக்காகக் காத்திருந்தாலும், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எர்ணாவூர் பக்கத்து ஆட்கள் என்னிடம் கேட்பது, "பெட்டைக்கு எதைக் கிராஸ் போடலாம்?" என்பதுதான். அதைச் சுற்றி வரும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் பாதி நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மீதி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர்களை நச்சரித்துக் கேட்டுக்கொண்டது.

"அண்ணே, பெட்டை சும்மாத்தானே நிக்குது, ஒரு குட்டி எடுத்துக்கலாமே?"

சும்மா நிற்பது ஒரு காரணமே இல்லை. முதலில் கணக்குப் போடுங்கள். சினை சுமார் 340 நாள், அதாவது 11 மாதம். சில பெட்டைகள் 12 மாதம்கூட இழுக்கும். கடைசி 3 மாதம் பெட்டையைச் சாரட்டில் பூட்ட முடியாது, தீனியும் கூடும். குட்டி 5, 6 மாதம் தாயிடம் இருக்கும். அதன் முதுகில் ஆள் ஏற 3 வயதாவது ஆக வேண்டும். ஆக, இன்றைக்குக் கிராஸ் போட்டால் நாலு வருஷம் கழித்துத்தான் வேலைக்கு ஒரு குதிரை கிடைக்கும். அதற்குள் ஆகும் செலவில் ஓடுகிற குதிரையாகவே ஒன்று வாங்கிவிடலாம்.

அப்புறம் இடம். குட்டி ஓடித்தான் வளர வேண்டும். பத்துக்குப் பத்து கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்த்தால் அப்பன் ஆத்தா எவ்வளவு நல்ல ஜாதியாக இருந்தாலும் கால் கெட்டுவிடும். காலையில் ஒரு மணி நேரமாவது அவிழ்த்துவிட மைதானமோ காலி மனையோ இல்லாதவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாதிப் பேர் இதிலேயே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேருக்குத்தான் அடுத்த கேள்விகள்.

"ரெண்டு வயசு முடிஞ்சு பருவத்துக்கு வந்துடுச்சு. போட்டுடலாமா?"

பருவத்துக்கு வருவது வேறு, உடம்பு தயாராவது வேறு. பெட்டைக் குதிரை ஒன்றேகால், ஒன்றரை வயதிலேயே பருவம் காட்டும். அப்போது அதன் எலும்பே வளர்ந்து முடிந்திருக்காது. 4 வயதில் போடுவது நல்லது, 3 முடியாமல் போடவே வேண்டாம். இந்தப் பக்கம் பார்த்தால், 15 வயதுக்கு மேல் சினை பிடிப்பது குறைந்துகொண்டே வரும். இதுவரை குட்டியே போடாத 15 வயதுப் பெட்டை என்றால் ரொம்பக் கஷ்டம்.

"குட்டி அப்பனைத்தானே கொள்ளும்? நல்ல ஆணாப் பார்த்தாப் போதாதா?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆண் குதிரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது அவர்கள் வியாபாரம். உண்மையில் ரத்தம் ஆளுக்குப் பாதி. அதற்கு மேல் 11 மாதம் வயிற்றில் வைத்திருப்பது தாய், பால் கொடுப்பது தாய், எதைக் கண்டு மிரள வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதும் தாய். பஸ் ஹாரனுக்குத் துள்ளுகிற பெட்டையின் குட்டி, தாய் துள்ளும்போதெல்லாம் கூடவே துள்ளிப் பழகும். ஊர்வலத்துக்குக் குட்டி வேண்டுமென்றால், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிற பெட்டை பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

1938ல் வால்டன், ஹேமண்ட் என்ற இரண்டு பேர் இங்கிலாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஷயர் என்பது யானை மாதிரி வண்டிக் குதிரை. ஷெட்லாண்ட் என்பது குட்டையான மட்டக்குதிரை. இந்த இரண்டு ஜாதியையும் இரண்டு விதமாகவும் கலந்தார்கள். ரத்தக் கலப்பு ஒன்றுதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப் போல மூன்று மடங்கு எடை இருந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை.

அதனால் ஜோடி தேடுகிறவர் முதலில் தன் பெட்டையைத் தெருவில் நடக்கவிட்டு, முன்னால், பின்னால், பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். நல்லது மூன்று, கெட்டது மூன்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். கெட்டது ஒன்றுமே தெரியவில்லை என்றால் லாடக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் ஆறு சொல்வார்.

"பெட்டைக்குப் பின்னங்கால் அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கு. நல்லா விறைப்பான காலு உள்ள ஆணைப் போட்டா சமமாயிடுமா?"

ஆகாது. பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி இதைக் கலக்க முடியாது. வளைந்த காலுக்கு விறைத்த காலைப் போட்டால், ஒரு குட்டி வளைந்து வரும், இன்னொன்று விறைத்து வரும், மற்றொன்று இரண்டு கோளாறையும் ஒவ்வொரு மூட்டில் வைத்துக்கொண்டு வரும். பெட்டையிடம் எந்தக் குறை இருக்கிறதோ, அந்த இடத்தில் சரியாக இருக்கிற ஆணைத் தேட வேண்டும். எதிர்க்குறை உள்ளதைத் தேடக் கூடாது. அந்த ஆணின் குட்டிகளுக்கும் அந்த இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆணைப் பார்ப்பதைவிட அதன் நாலு குட்டிகளைப் பார்ப்பது மேல்.

நான் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். எங்கள் சிவப்புப் பெட்டைக்குக் குளம்பு மெலிசு, ஆணி அடித்தால் ஓரம் பெயரும். அது தெரிந்தும், ஒரு கருப்பு மார்வாரியின் (ராஜஸ்தான் பக்கத்து ஜாதிக் குதிரை) கழுத்தையும் நடையையும் பார்த்து மயங்கிப் போட்டுவிட்டேன். அதன் குளம்பைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. குட்டிக்கு அப்பன் கழுத்து வந்தது, பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். குளம்பு ஆத்தாளுடையது. தார் ரோட்டில் ஒரு லாடம் முழு மாதம் நின்றதில்லை. கழுத்தா ரோட்டில் நடக்கிறது?

சில குறைகளுக்கு ஜோடியே தேட வேண்டாம். மேல்தாடை நீண்டு கிளி மூக்கு மாதிரி இருக்கும் வாய், ஒரு விதை இறங்காத ஆண், ஆளைக் கடித்துத் துரத்தும் குணம். இவற்றில் எது இருந்தாலும் அந்தக் குதிரையோடு நிறுத்திவிடுங்கள்.

"என்னுது மட்டம். அதுக்கு 64 இஞ்ச் மார்வாரியைப் போட்டா குட்டி ஒசரமா வருமா?"

மூன்றாவது கேள்வியில் சொன்ன ஷயர், ஷெட்லாண்ட் கதையை இன்னொரு தடவை படியுங்கள். மட்டத்தின் வயிற்றில் இருக்கும் இடத்துக்குத் தக்கபடிதான் குட்டி வளரும். கொஞ்சம் உயரம் கூடலாம். ஆனால் பெரிய தலை, குட்டைக் கால், நீண்ட முதுகு என்று ஒட்டுப்போட்ட மாதிரி வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் நாலு, ஐந்து இஞ்சுக்குள் இருக்கட்டும். உயரம் ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு தலைமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

"சுழி பார்க்காம போடக் கூடாதுன்னு எங்க நைனா சொல்றாரே?"

சுழி என்பது உடம்பில் முடி வட்டமாகச் சுழன்றிருக்கும் இடம். நைனா சொல்வதைத் தள்ள வேண்டாம், விற்கும்போது அவர் சொன்னதுதான் நடக்கும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனால், வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைத்தான் தடவிப் பார்ப்பார். கெட்ட சுழி என்று நாலு பேர் சொல்லிவிட்டால் நல்ல குதிரையும் பாதி விலைக்குப் போகும். ஆனால் சுழி குதிரையின் காலையோ மூச்சையோ தொடாது. இரண்டு ஆண் எல்லா விதத்திலும் சமமாக இருந்தால் நல்ல சுழிக்காரனை எடுங்கள். சுழிக்காகக் கோணல் காலை எடுக்காதீர்கள்.

"கல்யாண ஆர்டருக்கு வெள்ளைக் குட்டிதான் வேணும் பாய். வெள்ளைக்கு வெள்ளை போட்டா வந்துடும்ல?"

எந்த வெள்ளை என்று முதலில் பிரிக்க வேண்டும். ஊரில் வெள்ளை என்று சொல்வதில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருப்பாகவோ சிவப்பாகவோ பிறந்து, வருஷாவருஷம் நரைத்து, 6 வயதுக்கு மேல் வெளுத்தவை. தோல் கருப்பாகவே இருக்கும். இந்த நரைக் குணம் பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு வர வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி. பெற்றோர் இரண்டுமே நரைக்காத ஜாதி என்றால் வராது. பிறந்த குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி கண்ணாடி போட்ட மாதிரி தெரிந்தால் அது நரைக்கப் போகிறது என்று அர்த்தம். ஒரு விஷயம்: 15 வயது தாண்டிய நரைக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலடியில் கருப்புக் கட்டிகள் வரும்.

பிறக்கும்போதே வெள்ளை, இளஞ்சிவப்புத் தோல் என்பது வேறு வகை. நுக்ரா என்று விற்பது இதைத்தான். அதில் ஒரு பிரிவு பொன்னிறத்தோடு சம்பந்தப்பட்டது. பொன்னிறத்துக்குப் பொன்னிறம் போட்டால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் வெளிறிய உடம்பும் நீலக் கண்ணுமாகக் குட்டி வரும். அழகுதான். ஆனால் நம்ம ஊர் மே மாத வெயிலில் அந்த மூக்குத் தோல் வெந்து உரியும். இன்னொன்று, சிவப்புக்குச் சிவப்பு போட்டால் சிவப்பு மட்டும்தான் வரும். கருப்பு வரும் என்று யாராவது காசு வாங்கினால் கொடுக்காதீர்கள்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நான் அப்படிச் சொல்வேன், ஆர்டர் கொடுப்பவர் கேட்க மாட்டார், தெரியும்.

"அப்பனுக்கே மகளைப் போட்டா ரத்தம் சுத்தமா நிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. சரியா?"

சுத்தமாக நிற்பது நல்லது மட்டுமல்ல, கெட்டதும்தான். ஒவ்வொரு குதிரையிலும் ஒளிந்திருக்கும் கோளாறு ஒன்றிரண்டு உண்டு. அப்பனிடமும் ஆத்தாளிடமும் ஒரே கோளாறு இருந்தால்தான் அது வெளியே வரும். அப்பனுக்கு மகள், கூடப்பிறந்ததற்குக் கூடப்பிறந்தது என்றால் அந்த நெருக்கம் 25 சதவீதம், அதாவது ஒரே குணம் இரண்டு பக்கமிருந்தும் குட்டிக்கு இறங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. அப்பன் ஒன்று, ஆத்தா வேறு என்றால் 12.5. பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் மாதிரி என்றால் 6.25. நெருக்கம் கூடக் கூட சினை பிடிப்பது குறையும், குட்டி சின்னதாகும். ரேஸ் குதிரை வளர்ப்பவர்களும் ஒரே முன்னோரைத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஆனால் மூன்று, நாலு தலைமுறைக்கு அப்பால்.

நமக்கு இருக்கும் சிக்கல் வேறு. வட சென்னையில் பொலிக்கு விடுகிற ஆண் கொஞ்சம்தான். பேர் எடுத்த ஒன்று இருந்தால் எல்லாப் பெட்டையும் அதனிடமே போகும். அஞ்சு வருஷம் கழித்து எல்லாமே அண்ணன் தங்கச்சி. காகிதம் யாரிடமும் இருக்காது. உங்கள் பெட்டையின் அப்பன் யாரென்று வாங்கியவரிடம் கேளுங்கள், தெரியாவிட்டால் வெளியூர் ஆணைத் தேடுங்கள்.

"கிண்டியில ரேஸ் ஓடுன பெட்டை சல்லிசா கிடைச்சுது. அதைப் போட்டா ரேஸ் குட்டிதானே?"

ரத்தம் ரேஸ் ரத்தம்தான், குட்டி ரேஸ் குட்டி ஆகாது. தரோபிரெட் (ரேஸ் குதிரை ஜாதி) என்று பதிவாக வேண்டுமென்றால் அப்பன் ஆத்தா இரண்டும் பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும், இயற்கையாகச் சேர்ந்திருக்க வேண்டும், மரபணுச் சோதனையில் அப்பன் அதுதான் என்று வர வேண்டும். மாட்டுக்குப் போடுவது மாதிரி சினை ஊசி போட்டால் தரோபிரெட் பதிவே கிடையாது.

சாரட்டுக்கோ சவாரிக்கோ என்றால், எலும்பும் குளம்பும் கனமான, அமைதியான காட்டியவாரியோ (குஜராத் பக்கத்து ஜாதி) மார்வாரியோ பொருத்தம். அதற்கு முன் அது ஏன் சல்லிசாகக் கிடைத்தது என்று பாருங்கள். ஓட்டத்தில் தசைநார் அறுந்தது குட்டிக்குப் போகாது, பிறவியிலேயே கோணிய முழங்கால் போகும். இரண்டும் நொண்டுவதில் ஒரே மாதிரிதான் தெரியும், டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஓட்டத்திலிருந்து நேராக வந்த பெட்டைக்கு உடம்பின் இறுக்கம் தளர்ந்து பருவம் ஒழுங்காக வரச் சில மாதம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

"எந்த மாசம் போடணும்?"

மாசி, பங்குனி. மாசியில் போட்டால் அடுத்த தை, மாசியில் குட்டி. மழை விட்டிருக்கும், வெயில் வந்திருக்காது. மார்கழியில் போட்டால் கார்த்திகையில் ஈனும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம்ம தெருக்களில் தண்ணீர் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் பிறந்த குட்டியை எங்கே படுக்க வைப்பீர்கள்?

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், 5 முதல் 7 நாள் இருக்கும். வாலைத் தூக்கி, பின்காலை அகட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும். கருமுட்டை வெளிவருவது பருவத்தின் கடைசி ஒன்று, இரண்டு நாளில். எனவே முதல் நாளே ஓடாமல், மூன்றாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பெட்டை ஆணை உதைக்கும் வரை விடுவது வழக்கம். ஸ்கேன் வசதி இருந்தால் ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

"ஆண் குதிரைக்காரர் சோதனையெல்லாம் வேணாங்கிறாரு. கேக்கலாமா?"

கேட்டே ஆக வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதனுக்கும் வரும். வந்த குதிரையைக் கொல்வதைத் தவிர சட்டத்தில் வழி இல்லை. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தில் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் பாருங்கள், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போகாது. உங்கள் பெட்டைக்கும் கருப்பைத் தொற்று இல்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். அதை மட்டும் மறந்துவிட்டு ஆணைக் குறை சொல்வது நியாயமில்லை.

இரண்டு விதையும் இறங்கி ஒரே அளவில் இருக்கிறதா, பல் சேர்கிறதா, ஒரே ஆள் பிடித்து நடத்த முடிகிறதா என்று பாருங்கள். போன மாதம் அதற்குக் காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். ஒரு விந்தணு உருவாக 57 நாள் ஆகும், எனவே கடுங்காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மாதம் வரை இருக்கும். சினை பிடிக்காவிட்டால் மறுபடி இலவசமா, பணம் திரும்பவா என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

"ரெட்டைக் குட்டின்னா டபுள் லாபம்தானே?"

குதிரைக்கு இல்லை. ஆடு மாதிரி நினைக்காதீர்கள். அதன் கருப்பையில் இரண்டுக்கு இடம் கிடையாது. பெரும்பாலும் பாதியில் கலையும், தப்பிப் பிறந்தாலும் நோஞ்சான், பெட்டையின் உயிருக்கும் ஆபத்து. கிராஸ் போட்ட 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுத்தால் டாக்டர் ஒன்றைக் கையாலேயே நசுக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். நாள் தாண்டினால் கஷ்டம்.

"போன குட்டி நல்லாப் பொறந்து ரெண்டாம் நாள் மஞ்சளாகிச் செத்துப்போச்சு. அதே ஜோடியைத் திரும்பப் போடலாமா?"

கண்ணேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். குட்டி அப்பனின் ரத்த வகையைக் கொண்டு வர, தாயின் உடம்பில் அதற்கு எதிர்ப்பு உருவாகி, அது சீம்பாலில் இறங்கி, குடித்த குட்டியின் ரத்தத்தை அழித்துவிடும். பிறக்கும்போது குட்டி துள்ளிக்கொண்டு இருக்கும், பால் குடித்த பிறகுதான் சோரும். முதல் ஈற்றில் அநேகமாக வராது, இரண்டாவது மூன்றாவதில்தான் காட்டும். அதனால்தான் யாருக்கும் ஜோடிமேல் சந்தேகம் வருவதில்லை.

ரத்த வகை பார்த்து வேறு ஆணுக்கு மாறுவதுதான் நல்ல வழி. ஏற்கெனவே அதே ஆணுக்குச் சினை என்றால், கடைசி இரண்டு, மூன்று வாரத்தில் பெட்டையின் ரத்தத்தைச் சோதியுங்கள். எதிர்ப்பு இருந்தால் குட்டிக்கு வாய்மூடி கட்டி, தாயின் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டு, முதல் இரண்டு நாள் வேறு பெட்டையின் சீம்பாலையும் பாலையும் கொடுக்க வேண்டும். சீம்பாலே இல்லாமல் விட்டால் வேறு நோயில் போய்விடும், எனவே அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்.

"ஈன்ன ஒம்போதாம் நாளே திரும்பப் பருவம் வருதாமே, அப்பவே விட்டுடலாமா?"

வரும், 5 முதல் 12 நாளுக்குள். சுகமாக ஈன்று, நஞ்சுக்கொடி 3 மணி நேரத்தில் விழுந்து, பெட்டை தெம்பாக இருந்தால் விடுகிறவர்கள் உண்டு. நான் விடுவதில்லை. கருப்பை சுருங்க நாள் வேண்டும், அடுத்த பருவத்தில் போட்டால் நன்றாகப் பிடிக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன இடமும் தீனியும் இப்போது இரண்டு குட்டிக்கு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அதைவிட, ஒன்பது நாள் குட்டியைப் பார்த்து ஜோடி சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? என் சிவப்புப் பெட்டையின் குட்டிக்கு ஏழாம் மாதம் முதல் தடவை ஓரம் சீவியபோதுதான், லாடக்காரர் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் நான் அதே கருப்பு மார்வாரிக்கு அடுத்த தடவைக்கும் முன்பணம் கொடுத்திருந்தேன்.